‘ஆம்’ மட்டும் அழுத்தியவள்

அம்மாவை ஊரில் எல்லோரும் பேட்ஜ் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். பள்ளிச் சட்டைப் பையா, டாக்டர் கோட்டா, கால்பந்துக் குழுவின் பனியனா, எதில் எந்தச் சின்னம் தைக்க வேண்டுமென்றாலும் அவளிடம்தான் வரவேண்டும். பேரன் எடுத்தவர்களும் அக்கா என்றார்கள். அதில் அவளுக்கு ஒரு சின்ன மனத்தாங்கல். "அந்தாளுக்கு வாயில ஒரு பல்லு இல்ல. நான் அக்காவாம். அப்ப எனக்கு என்ன வயசுன்னு நீயே கணக்குப் போட்டுக்கோ" என்பாள் மகளிடம்.

வீட்டின் முன்னறைதான் பட்டறை. கட்டில் அகலத்துக்கு ஒரு எம்பிராய்டரி மெஷின். அதன் தலைக்கு மேல் அலமாரியில் நூல்கண்டுகள், நிறம் நிறமாக. மெஷின் ஓடும்போது அடுக்களையில் கரண்டிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். மெஷினுக்குப் பக்கத்தில் மேசை, மேசை மேல் கணினி. கணினியில் வரைந்ததை மெஷின் தைக்கும். ஒரு கேபிள் இரண்டையும் இணைத்தது.

முன்பு அவள் ஒரு சட்டைத் தொழிற்சாலையில் செக்கராக இருந்தாள். ஓடி வரும் சட்டையை ஒரு கண் பார்த்தாலே எந்தப் பொத்தான் கோணல் என்று சொல்லிவிடுவாள். தொழிற்சாலையை மூடியபோது பழைய சாமான்களை ஏலம் விட்டார்கள். மற்றவர்கள் நாற்காலியும் மின்விசிறியும் எடுத்தார்கள். அவள் யாரும் சீந்தாமல் கிடந்த மெஷினை எடுத்தாள். கணினி கூடவே வந்தது. அதுவரை அவள் கணினியைத் தொட்டதில்லை. மவுஸை இஸ்திரிப் பெட்டி மாதிரி அழுத்தித் தேய்த்தாள். முதல் வருஷம் மவுஸ்கள் வரிசையாகச் செத்தன. ஆனாலும் விடவில்லை. ஒரு சின்னத்தைப் பார்த்து, எந்த இடத்தில் தையல் குறுக்கே போகவேண்டும், எந்த இடத்தில் நெடுக்கே போகவேண்டும் என்று திரையில் கோடு இழுக்கப் பழகினாள். அவள் தைத்த சிங்கத்துக்குப் பிடரி சிலிர்க்கும்.

அவளிடம் ஒரே ஒரு கோளாறு. கணினி எதைக் கேட்டாலும் ‘ஆம்’ என்று அழுத்திவிடுவாள்.

திரையில் ஒரு பெட்டி வந்து, இந்தச் செயலியை அனுமதிக்கலாமா என்று கேட்கும். அவள் அதை வாய்விட்டுப் படிப்பாள். "சரிப்பா, வா" என்று சொல்லி அழுத்துவாள். மகள் வேறு ஊரில் ஒரு பெரிய அலுவலகத்தில் கணினிகளை நிர்வகிக்கிறவள். யாருக்கு எதைத் திறக்க உரிமை, எதைத் திறக்க உரிமையில்லை என்று பார்ப்பதுதான் அவளுடைய பிழைப்பு. அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"யாரு எவருன்னு தெரியாம எல்லாத்துக்கும் ஆம் போடுவியாம்மா?"

"வந்து கேக்கறாங்க. மூஞ்சில அடிச்ச மாதிரி இல்லைன்னு எப்படிடி சொல்றது?"

விளைவு, கணினி ஒரு சத்திரமாகிவிட்டது. வானிலை சொல்கிறவன் ஒருவன் ஓரத்தில் குடியேறினான். கணினியைக் கழுவித் துடைப்பதாகச் சொல்லிக்கொண்டு ஒருவன். வைரஸைப் பிடிக்கிறோம் என்று வந்த மூன்று பேர் தங்களுக்குள்ளேயே அடித்துக்கொண்டார்கள். கடைசியில் ஒரு நாள் அம்மா வரைந்து வைத்திருந்த கோப்புகள் ஒன்றும் திறக்கவில்லை. மகள் லீவு போட்டு ஓடிவந்து முக்கால்வாசியை மீட்டாள். மீட்டதும் முதல் வேலையாகக் கணினியில் இரண்டு கணக்கு வைத்தாள். அம்மாவுக்கு அன்றாட வேலைக்கு ஒரு சாதாரணக் கணக்கு. அதற்குக் கடவுச்சொல் கிடையாது. நிர்வாகிக் கணக்கு தனி. அதன் கடவுச்சொல் மகளிடம் மட்டும்.

அன்றிலிருந்து பெட்டி வந்து ‘ஆம்’ கேட்டுவிட்டுப் போகவில்லை. நிர்வாகியின் கடவுச்சொல்லைக் கேட்டது. அம்மா அதற்கு வாட்ச்மேன் என்று பெயர் வைத்தாள்.

எம்பிராய்டரி மென்பொருள் ஆதிகாலத்தது. ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் தன்னுடைய சொந்த ஃபோல்டருக்குள் எதையோ எழுதிப் பார்க்கும். அந்த இடத்தில் எழுத நிர்வாகிக்குத்தான் உரிமை. அதனால் அதைத் திறக்கும்போதெல்லாம் வாட்ச்மேன் வந்தான். மகளுக்குப் போன் வரும்.

"வாட்ச்மேன் வந்து நிக்கிறான்டி."

மகள் தன் மேசையிலிருந்தே அம்மாவின் கணினிக்குள் நுழைந்து கடவுச்சொல்லைத் தட்டுவாள். அந்தச் சமயத்தை அம்மா வீணாக்கமாட்டாள். "குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கு? சளியா? காலையில சாப்பிட்டியா இல்லையா?" வாட்ச்மேன் போன பிறகும் விசாரணை நீளும். இதற்கு நிரந்தரமாக ஒரு வழி செய்ய வேண்டும் என்று மகள் நினைப்பாள். ஆனால் ஊருக்கு வந்தால் அம்மா கணினிப் பக்கமே விடமாட்டாள். "வந்தன்னிக்குமா அந்தப் பொட்டியைக் கட்டிக்கிட்டு அழணும்? வா, உக்காரு, பேசு."

கொஞ்ச நாளில் அம்மாவே ஒரு வழி கண்டுபிடித்தாள். மென்பொருளை மூடினால்தானே மறுபடி திறக்கவேண்டும்? அவள் மூடவே இல்லை. கணினியை அணைக்கவும் இல்லை. வேலை முடிந்ததும் திரையை மட்டும் அணைத்து ஒரு துண்டைப் போர்த்திவிடுவாள். மின்சாரம் போனால் தாங்க ஒரு யூபிஎஸ் வாங்கினாள். கணினி சுவிட்சுக்கு மேல் ஒரு துணிப் பட்டையை ஒட்டினாள். சிவப்பு நூலில், நல்ல கெட்டித் தையலில், ‘அணைக்காதே’ என்று அதில் தைத்திருந்தது. ஓரத்துக்கு ஒரு பூ வேறு. வெளியே போகும்போதெல்லாம் எல்லாச் சுவிட்சையும் அணைக்கிற அப்பாவுக்காகச் செய்தது அது.

அப்பா பஸ் டிப்போவில் ஸ்டோர்கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். சீட்டு இல்லாமல் ஒரு நட்டுகூட அவர் கையைத் தாண்டி வெளியே போனதில்லை. ‘இல்லை’ என்பதுதான் அவர் வாயில் முதலில் வரும் சொல். வேண்டியது இருந்தாலும் முதலில் இல்லை என்பார், பிறகு தேடி எடுத்துக் கொடுப்பார். ஓய்வுக்குப் பிறகு அம்மாவிடம் உதவியாள் வேலை. துணியை இழுத்துப் பிடிக்கிற வளையத்தில் மாட்டுவார், நூல் மாற்றுவார், தைத்து முடிந்ததும் கத்தரியால் உபரி நூலை நறுக்குவார். அம்மா எல்லாவற்றுக்கும் சரி என்று வாங்கிப் போடுவாள். அப்பா முடியாது என்று முனகியபடியே செய்து முடிப்பார். கடை அப்படித்தான் ஓடியது.

ஒரு காலை, ஒரு செவிலியர் பள்ளியின் கோட்டு ஒன்றை அப்பாவிடம் நீட்டிக்கொண்டிருந்த அம்மா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்தாள். அப்பா தெருவில் போன ஆட்டோவை நிறுத்தினார். அந்தப் பதற்றத்திலும் பழக்கம் விடவில்லை. வீட்டைப் பூட்டுவதற்கு முன் மெயின் சுவிட்சை இறக்கினார். கணினி சுவிட்சில் பட்டை இருந்தது. மெயினில் இல்லை. கொஞ்ச நேரம் கத்திவிட்டு யூபிஎஸ்ஸும் ஓய்ந்திருக்கும்.

அம்மா திரும்பி வரவில்லை.

வந்தவர்கள் வந்து போனார்கள். சித்தி மட்டும் தங்கினாள். அம்மாவின் தங்கை. வாய் நீளம், கை அதைவிட நீளம். வீட்டில் அழுகிறவர்களுக்கெல்லாம் சோறு போட்டது அவள்தான். மகள் ஒரு முடிவோடு இருந்தாள். அப்பாவைத் தன்னோடு கூட்டிக்கொண்டு போகவேண்டும். மெஷினை யாருக்காவது கொடுத்துவிட வேண்டும். தனியாக இங்கே என்ன செய்வார்?

அவரிடம் சொல்லியும் ஆயிற்று. அவர் இல்லை என்று சொல்லவில்லை. அதுதான் மகளை உறுத்தியது. அவர் இல்லை என்று சொல்லாத நாளை அவள் பார்த்ததே கிடையாது. அவர் பாட்டுக்கு முன்னறையில் உட்கார்ந்து, அம்மா தைத்து முடித்த கோட்டுகளில் நூல் நறுக்கிக்கொண்டிருந்தார். நறுக்கியதையே மறுபடி எடுத்து நறுக்கினார்.

அப்போதுதான் செவிலியர் பள்ளி வார்டனிடமிருந்து போன் வந்தது. செவிலியர் பள்ளியில் புதிதாகச் சேர்ந்த பெண்களுக்குக் கோட்டு. ஒவ்வொரு கோட்டிலும் பைக்கு மேல் பள்ளிச் சின்னம், அதற்குக் கீழே அந்தந்தப் பெண்ணின் பெயர், தமிழில். சின்னம் எல்லாவற்றிலும் ஏறிவிட்டது. பெயர் பாதிதான் ஆகியிருந்தது. வார்டன் வருத்தம் சொன்னார். பிறகு தயங்கினார். "தப்பா நினைக்காதீங்க. திங்கக்கிழமை பிள்ளைங்க வார்டுக்குப் போறாங்க. மிச்சத்தை அப்படியே எடுத்துக்கிட்டு வேற எங்கயாவது குடுத்துக்கட்டுமா?"

மகள் சரி என்று சொல்ல வாயெடுத்தாள். அப்பா போனை அவள் கையிலிருந்து வாங்கினார்.

"வேண்டாம். திங்கக்கிழமை காலைல வாங்க. இருக்கும்."

போனை வைத்துவிட்டார். சித்தி அடுக்களையிலிருந்து எட்டிப்பார்த்தாள்.

"மாமா, யாரு தைக்கறது? நீங்களா?"

"ஏன், நான் தைக்கக் கூடாதா?"

"தைக்கலாம். கம்ப்யூட்டர்ல என்ன எழுத்து எங்க இருக்குன்னு தெரியுமா உங்களுக்கு?"

"தேடுனா கிடைக்கும். கீபோர்டுக்குள்ளதானே இருக்கு, எங்க ஓடிடப் போகுது?"

மகளுக்குப் புரிந்தது. அவர் வரமாட்டேன் என்று சொல்லவில்லை. அதற்குப் பதிலாக இந்தக் கோட்டுகளைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். இவை முடிந்தால் அவருக்கு இங்கே வேலை இருக்கிறது. முடியாவிட்டால் அவள் சொன்னதுதான் நடக்கும். பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பவேண்டியதுதான்.

மெயின் சுவிட்சை ஏற்றினார்கள். துண்டை எடுத்தார்கள். கணினி எழுந்தது. மகள் அப்பாவையே உட்கார வைத்தாள். "நீங்களே திறங்க. இந்த ஊசி படம் போட்டிருக்கே, அதை ரெண்டு தடவை தட்டுங்க."

தட்டினார். திரை இருண்டது. நடுவில் பெட்டி. மகள் குனிவதற்குள் அவர் ‘இல்லை’யை அழுத்திவிட்டார்.

"ஏம்பா?"

"யாரோ உள்ள வரலாமான்னு கேக்கறான். சீட்டு எங்க?"

"அதுதான்பா அம்மாவோட வாட்ச்மேன். நம்ம புரோகிராமைத்தான் கேக்கறான்."

"அதை முதல்லயே சொல்லணும்" என்று எழுந்து இடம் கொடுத்தார்.

மகள் உட்கார்ந்தாள். பெட்டி மறுபடி வந்தது. கடவுச்சொல்லைத் தட்டினாள். தவறு என்றது. அவசரத்தில் விரல் பிசகியிருக்கும் என்று நிதானமாகத் தட்டினாள். தவறு. கேப்ஸ் லாக் விளக்கைப் பார்த்தாள். எரியவில்லை. இன்னொரு தடவை, ஒவ்வொரு விசையையும் பார்த்து. தவறு.

அவள் நிறுத்திவிட்டாள். இதற்கு மேல் தட்டினால் கணக்கே கொஞ்ச நேரத்துக்குப் பூட்டிக்கொள்ளும். தொழில் தெரிந்தவள் கண்ணை மூடிக்கொண்டு தட்டிக்கொண்டிருக்கமாட்டாள்.

"என்னாச்சு?" என்றாள் சித்தி, கையில் தட்டோடு.

"பாஸ்வேர்டு எடுக்கல."

"மாத்தியிருப்பா."

"யாரு?"

"வேற யாரு, எங்கக்காதான். யாரையாவது கூப்பிட்டு மாத்தியிருப்பா. உனக்குப் போன் போட்டுப் போட்டு அலுத்துப்போச்சுன்னு சொல்லிட்டிருந்தா. அவ ஆபீஸ்ல இருப்பா, தொந்தரவு பண்ணக்கூடாது, நாமளே ஒரு வழி பண்ணிக்கணும்னு."

சித்தி அதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள். மகளுக்கு அது சாதாரணமாக இறங்கவில்லை. தெருவுக்கு இரண்டு கணினிக் கடை இருக்கிறது. ஒருவனைக் கூப்பிட்டிருந்தால் ஒரு தேநீர் நேரத்தில் மாற்றிக் கொடுத்துவிட்டுப் போயிருப்பான். அம்மா அப்படிச் செய்திருந்தால் தப்பும் இல்லை. அவளுடைய கணினி. அவளுடைய தொழில். ஆனால் ஒரு வார்த்தை சொல்லாமல் தன்னை வெளியே நிறுத்திக் கதவைச் சாத்தியிருப்பாளா? வானிலை சொல்கிறவனைக்கூட வா என்றவள்?

"அப்படின்னா அந்தப் பாஸ்வேர்டை இனி யாருகிட்ட போய்க் கேக்கறது" என்றாள் மகள். சித்தி தட்டைக் கீழே வைத்துவிட்டு அவள் தலையைத் தன் இடுப்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"சரி விடுடி. வார்டனுக்குப் போன் போட்டுச் சொல்லிடலாம். மனுசங்கதானே, புரிஞ்சுக்குவாங்க."

அப்பா கத்தரியை எடுத்தார். ஒரு கோட்டை மடியில் போட்டுக்கொண்டார். அதில் நறுக்க ஒரு நூலும் இல்லை.

மகள் முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி திரையைப் பார்த்தாள். அலுவலகத்தில் யாராவது இப்படி வந்து நின்றால் அவள் என்ன செய்வாள்? யார் மாற்றினார்கள் என்று கேட்கமாட்டாள். கணினி எதை வாங்கிக்கொண்டது என்று பார்ப்பாள். தட்டுகிறவர் தட்டியதாக நினைப்பது ஒன்று, போய்ச் சேர்வது வேறொன்று.

பெட்டியைத் திறந்தாள். எண்டரை அழுத்தாமல், ஒவ்வொரு விசையாகத் தட்டி, விழும் புள்ளிகளை மட்டும் பார்த்தாள். ஒரு விசைக்கு ஒரு புள்ளி. ஒரு விசைக்கு ஒரு புள்ளி. கடவுச்சொல்லின் நடுவில் ஆங்கிலப் பெரிய எழுத்து T வரும். அதைத் தட்டினாள். ஒரே தட்டுக்கு மூன்று புள்ளிகள் விழுந்தன.

கை அப்படியே நின்றது.

பெட்டியை மூடினாள். வெறும் தாள் மாதிரி ஒரு பக்கத்தைத் திறந்து அதே விசைகளைத் தட்டினாள். திரையில் தமிழ் எழுத்துகள் வந்தன. அர்த்தமில்லாத தமிழ், நடுவில் ஒரு ‘க்ஷ’. அந்த ஒற்றை விசையில் க, மெய்ப்புள்ளி, ஷ என்று மூன்று குறிகள்; அதனால்தான் மூன்று புள்ளிகள். விசைப்பலகை தமிழில் இருந்தது. பெட்டியில் எழுத்து தெரியாது, புள்ளிதான் தெரியும். அதனால் அவளுக்குத் தெரியவில்லை. தன் ஊரிலிருந்து தட்டியபோதெல்லாம் ஆங்கில எழுத்து ஆங்கில எழுத்தாகவே வந்து சேர்ந்துவிட்டது; இந்த விசைப்பலகை தமிழுக்கு மாறிய பிறகு இங்கே உட்கார்ந்து அவள் தட்டியது இதுவே முதல் தடவை.

அம்மா கடவுச்சொல்லை மாற்றவில்லை. மொழியைத்தான் மாற்றியிருந்தாள்.

எப்போது என்றும் மகளுக்கு நினைவு வந்தது. அம்மாவுக்கு வழி சொன்னதே அவள்தான். "ஒவ்வொரு பிள்ளைக்கும் பேரு தமிழ்ல அடிக்கணும். ஒவ்வொரு தடவையும் இங்கிலீஷுக்கே ஓடிடுதுடி. தமிழ்லயே நிக்கிற மாதிரி பண்ண முடியாதா?" என்று அம்மா கேட்டாள். எங்கே போய் எதை அழுத்த வேண்டும் என்று மகள் போனில் சொன்னாள். முடிந்ததும் அம்மாவுக்கு ஆச்சரியம். "வாட்ச்மேன் வரவே இல்லையே!"

"இதுக்கெல்லாம் வரமாட்டான்மா. இது உன் சொந்த விஷயம்."

"அட, எனக்குன்னுகூட ஒரு சொந்த விஷயம் இருக்கா இதுக்குள்ள?"

அதற்குப் பிறகும் சளி பற்றித்தான் பேசினாள்.

மகள் மொழியை மாற்றும் விசைகளை அழுத்தினாள். பெட்டியை வரவழைத்தாள். கடவுச்சொல்லைத் தட்டினாள். திரை வெளிச்சமானது. மென்பொருள் திறந்தது.

"சித்தி, மாத்தலை" என்றாள்.

"மாத்தலையா? அப்பச் சரி" என்றாள் சித்தி, தன் வாய்ப் பேச்சுக்குத் தானே வெட்கப்பட்டவளாக. "அலுத்துப்போச்சுன்னு சொன்னாளே தவிர, நீ போன் எடுக்கலைன்னா அன்னிக்குப் பூரா மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டிருப்பா. அதையும் சொல்லணும்ல."

அம்மாவின் கோப்புகள் திரையில் வரிசையாக நின்றன. மூவரும் குனிந்து படித்தார்கள். அம்மா எந்த வாடிக்கையாளரையும் பெயரால் சேமித்திருக்கவில்லை. ‘கத்துற கோச்’. ‘மூக்குக்கண்ணாடி தொலைக்கிற டாக்டர்’. ‘நாளைக்குன்னு சொல்ற ஓட்டல்’. ‘கோச் புதுசு, இன்னும் கத்துறார்’. சித்தி முதலில் சிரித்தாள். பிறகு அப்பாவின் தோள் குலுங்கியது. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று மகள் திரும்பிப் பார்க்கவில்லை.

"இதுல வார்டன் யாரு?" என்றார் அப்பா.

"நீங்களே தேடுங்க."

விரலைத் திரையில் வைத்துக் கீழே கீழே இறக்கினார். "இதோ. ‘சிரிக்காத மேடம்’."

அதற்குள் கணினியின் ஓரத்தில் ஒரு சின்னப் பெட்டி துள்ளி வந்தது. வானிலைக்காரனின் மிச்சம் மீதி. புதுசாக ஒன்று வந்திருக்கிறது, போட்டுக்கொள்ளட்டுமா என்று கேட்டது. அப்பா முழுசாகக்கூடப் படிக்கவில்லை. ‘இல்லை’.

"என்னன்னு பாக்காமயே இல்லைங்கறீங்க?"

"நாம கூப்பிட்டமா? இல்லைல. கூப்பிடாம வந்தவனுக்கு என்ன பதில் வேண்டிக் கிடக்கு?"

மகள் அப்பாவை ஒரு கணம் பார்த்தாள். அவளுடைய அலுவலகத்தில் இத்தனை வருஷமாக எல்லோருக்கும் அவள் கத்திக் கத்திச் சொல்கிற பாடம் இது. ஒருவரும் கேட்டதில்லை. இங்கே ஒருவர் பிறவியிலேயே அப்படி இருக்கிறார்.

முதலில் வாட்ச்மேனின் அன்றாட வருகையை நிறுத்தினாள். மென்பொருள் எந்த ஃபோல்டரில் எழுதப் பார்க்கிறதோ அந்த ஒரு ஃபோல்டருக்கு மட்டும், சாதாரணக் கணக்கிலும் எழுதலாம் என்று உரிமை கொடுத்தாள். பிறகு மென்பொருளை, நிர்வாகியைக் கேட்காமலே திறக்கும்படி வைத்தாள். மூடித் திறந்து பார்த்தாள். பெட்டி வரவில்லை.

"என்ன பண்ணினே?" என்றார் அப்பா.

"டிப்போவுல ஒருத்தருக்கு கிரீஸ் டப்பா மட்டும்தான் அடிக்கடி வேணும்னு வச்சுக்குங்க. அதுக்கு முழு ஸ்டோர் சாவியைக் குடுப்பீங்களா?"

"குடுக்கமாட்டேன். கிரீஸ் அலமாரி சாவியை மட்டும் குடுப்பேன். அதுவும் கையெழுத்து வாங்கிக்கிட்டு."

"அதைத்தான் பண்ணியிருக்கேன்."

அவர் தலையாட்டினார். புரிந்துகொண்டு ஆட்டிய தலை அது. "அப்ப முழு ஸ்டோர் சாவி?"

"உங்ககிட்ட."

நிர்வாகியின் கடவுச்சொல்லை அவருக்குச் சொன்னாள். எங்கே மொழியை மாற்றவேண்டும் என்றும் காட்டினாள். எழுதித் தரட்டுமா என்றாள். சாவியை யாராவது சுவரில் ஒட்டுவார்களா என்று அவர் கேட்டார்.

பிறகு பெயர்கள். அப்பா ஒற்றை விரலால் தேடித் தேடி ஒரு பெண்ணின் பெயரை அடித்தார். ‘ழ’ எங்கே என்று நெடுநேரம் தேடினார். மகள் சொல்ல வாயெடுத்தபோது கையைக் காட்டி நிறுத்தினார். கிடைத்தது. கோட்டை வளையத்தில் மாட்டி மெஷினில் பூட்டினார். ஓடவிட்டார். தையல் நேராக, அழகாக வந்தது. எடுத்து விரித்துக் காட்டினார். கோட்டு விரியவில்லை. முன்பக்கமும் பின்பக்கமும் சேர்த்தே தைத்துவிட்டார். துணியின் மறுபாதி ஊசிக்கடியில் மடிந்து கிடந்ததைக் கவனிக்கவில்லை.

சித்தி அதை வாங்கித் தூக்கிப் பிடித்தாள். "மாமா, இந்தப் பொண்ணு வார்டுக்கு எப்படிப் போவா? இதுக்குள்ள நுழையணும்னா ஆளு தபால் உறை மாதிரி இருக்கணும்."

"கொண்டா இங்க."

"ஏன், புது மாடல்னு சொல்லிடுங்களேன்."

அவர் சிரிக்கவில்லை. கோட்டைப் பின்பக்கமாகத் திருப்பி, பிளேடால் தையலை ஒன்றொன்றாக அறுத்தார். துணியில் ஒரு கீறல் விழவில்லை. பிறகு அதே பெயரை, அதே இடத்தில், மறுபாதித் துணியைக் கிளிப் போட்டு ஒதுக்கிவிட்டுத் தைத்தார். இந்தத் தடவை மெஷின் ஓடி முடியும்வரை கை கோட்டைவிட்டு நகரவில்லை.

சனியும் ஞாயிறும் அப்படிப் போயின. மகள் கணினிப் பக்கம் வரவில்லை. அவர் கூப்பிடவும் இல்லை. சித்தி வளையத்தில் துணி மாட்டினாள். மகள் நூல் நறுக்கினாள். ஒவ்வொரு பெயரையும் மெஷினுக்கு அனுப்பும் முன் அவர் வாய்விட்டுப் படித்தார், சரிபார்ப்பதற்காக. முன்னறையில் யாரோ வருகை எடுப்பது மாதிரி இருந்தது. ஒவ்வொரு பெயருக்கும் சித்தி "உள்ளேன் ஐயா" என்றாள்.

திங்கட்கிழமை வார்டன் வந்தார். உண்மையிலேயே சிரிக்காதவர்தான். மேலே கிடந்த கோட்டை எடுத்துப் பெயரைத் தடவிப் பார்த்தார். அடுத்ததை எடுத்தார். அம்மா தைத்தது எது, அப்பா தைத்தது எது என்று அவர் கேட்கவில்லை. "அடுத்த வருஷமும் பிள்ளைங்க வருவாங்க" என்றார். அப்பா இல்லை என்று சொல்லவில்லை. "கொஞ்சம் முன்னாடியே சொல்லுங்க" என்றார்.

வார்டன் போன பிறகு மகள் கேட்டாள். கேட்காமல் போக முடியாது என்று தோன்றியதால் கேட்டாள். "அப்பா, என்கூட வர்றீங்களா?"

"இல்லம்மா" என்றார்.

அவருடைய பழைய ‘இல்லை’ அது. ஆனால் இந்தத் தடவை தேடிப் பார்க்காமல் சொன்னதல்ல. தேடிப் பார்த்துவிட்டுச் சொன்ன இல்லை. "கோச் பனியன் கிடக்கு. அந்தாளு கத்துவான்."

"தனியா இருந்துடுவீங்களா?"

"உங்க சித்தி ரெண்டு தெரு தள்ளி இருக்கா. அவ வாய்க்கு நான் எங்க தனியா இருக்கறது?"

மகள் மாலையில் பையை எடுத்துக்கொண்டு முன்னறைக்கு வந்தாள். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. பனியனில் ஒரு குதிரை பாதி வந்திருந்தது. அப்பா எழப் பார்த்தார். அதே நேரம் மெஷின் நின்று, நிறம் மாற்றச் சொல்லிக் கூவியது. அவர் மகளைப் பார்த்தார், ஊசியைப் பார்த்தார்.

"பழுப்பு மாத்தணும். விட்டா நடுவுல கோடு விழுந்துடும்" என்றார். "நீ கிளம்பும்மா. பஸ் ஸ்டாப்புக்குச் சித்தி வருவா."

"சரிப்பா."

"போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணு."

அவர் ஏற்கெனவே நூல்கண்டுக்காகக் கையை உயர்த்தியிருந்தார். மகள் செருப்பை மாட்டிக்கொண்டு, கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு இறங்கினாள். அவள் தெருமுனை திரும்புவதற்குள் மெஷின் மறுபடி ஓடத் தொடங்கிவிட்டது.